இன்று எத்தனை அடி?

உரோமைக்குப் போய்வந்தவன் எழுதும் கட்டுரை என்றால், பேராலயங்களின் பெருமையும் திருத்தந்தையின் தரிசனமும் அதில் நிறைந்திருக்கும் என்று வாசக அன்பர்கள் எதிர்பார்ப்பீர்கள். இதில் அவை குறைவாகவே வரும். வந்து சேராத பெட்டி, பறிபோன பணப்பை, அபராதம், இரண்டு கிழவர்களின் சண்டை ஆகியவையே மிகுதி. இப்பகுதியில் குடும்ப வாழ்வைப் பற்றியே வழக்கமாக எழுதி வருகிறேன். இதுவும் ஒரு குடும்பக் கதையாகத்தான் முடிந்தது. சம்பந்தப்பட்ட நண்பரின் இசைவைப் பெற்ற பிறகே எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், நம் மறைசாட்சி தேவசகாயத்துக்கு உரோமையில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்த அந்தக் குடும்பத் தலைவரே, இந்தியாவின் பொதுநிலையினருள் முதல் புனிதர். அந்நாளைக் காணத் தமிழகத்திலிருந்து போன திருப்பயணிகளுள் மேட்டூரைச் சேர்ந்த நாங்கள் இருவரும் அடக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். நண்பர் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் நம் அணையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவருக்கு ‘அணைக்காரர்’ என்றே பெயர். என்னை அவர் ‘வாத்தியாரே’ என்றுதான் அழைப்பார். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள்.

பயணத்துக்கு முன்பே அவரைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டேன். பனியனின் உட்புறம் மனைவியிடம் ஒரு பை தைத்து வாங்கி, வெளிநாட்டுப் பணத்தை அதில் வைத்துக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் கொடுத்த மஞ்சள் அடையாள அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. பள்ளிப் பிள்ளையைப் போல அதை மாட்டிக்கொண்டு உலக நகரத்தில் நடப்பதா என்று, நான் என்னுடையதைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

உரோமை விமான நிலையத்தில் எல்லாருடைய பெட்டியும் வந்தது. என் பெட்டி வரவில்லை. எங்கோ இடையில் விமானம் மாறியபோது அது மட்டும் வேறு வழியில் போய்விட்டது என்றார்கள். மூன்று நாள் நண்பரின் சட்டையை அணிந்துகொண்டுதான் அந்தத் திருநகரைச் சுற்றினேன். அவர் ஆறடி உயரம், நான் அப்படியில்லை. முழங்கை வரை மடித்து விட்டும் சட்டை என்னை விட்டு விலகியே தொங்கியது. ‘சட்டை நடந்து வருகிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா பாருங்கள்’ என்று குழுவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

முதல் இரண்டு நாளும் குழுவாகவே பார்த்தோம். நண்பருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் நம் அணையோடு ஒப்பிடுவார். கொலோசேயத்தின் முன் வழிகாட்டி நின்று, கி.பி. 80-இல் திறக்கப்பட்டது, உயரம் ஏறத்தாழ 157 அடி என்று விளக்கிக்கொண்டிருக்கையில், ‘நம்முடையது 214 அடி’ என்று என் காதில் சொன்னார். புனித பேதுரு பேராலயத்தின் முன் (நம் பாட்டிமார் ‘இராயப்பர் கோயில்’ என்பார்கள்) தலையை நிமிர்த்தி நெடுநேரம் நின்றார். சிலுவையின் உச்சி வரை 448 அடி என்றதும், ‘இரண்டு மேட்டூருக்கு மேலே’ என்று ஒப்புக்கொண்டார். அதைவிட அவரைக் கவர்ந்தது, முற்றத்தின் நடுவே நிற்கும் எகிப்தியக் கல்தூணின் கதை. 1586-இல் அத்தூணை நிறுத்தும்போது, பேசுபவருக்கு மரண தண்டனை என்று ஆணை இருந்ததாம். பாரம் தாங்காமல் கயிறுகள் அறுபடும் நிலைக்கு வந்தபோது, கூட்டத்திலிருந்த ஒரு மாலுமி உயிருக்கு அஞ்சாமல், ‘கயிற்றில் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று கத்தினானாம். நனைந்த கயிறு இறுகித் தூணைத் தாங்கியதாம். ‘வேலை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது வாத்தியாரே’ என்று அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு. தனியாக வெளியே போகவேண்டாம் என்று ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். என் ஆங்கிலத்தையும் கையில் இருந்த வரைபடத்தையும் நம்பி, ‘கொலோசேயத்தை நிதானமாக இன்னொரு முறை பார்த்து வருவோம்’ என்று நண்பரைக் கிளப்பினேன். அங்கே தொடங்கியது வினை.

நெரிசலான பேருந்தில் ஏறினோம். நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடு அப்போதும் முழுதும் நீங்கவில்லை. பேருந்தில் எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அந்த ஊரில் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. வண்டிக்குள் இருக்கும் இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. பரிசோதகர் வந்தார். என் ஆங்கிலம் அவரிடம் செல்லவில்லை. இருவருக்குமாக நூறு யூரோவுக்கு மேல் அபராதம். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கும் அதிகம். பணம் எடுக்கப் பின்பையில் கை விட்டேன். பணப்பை இல்லை. நெரிசலில் யாரோ அதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடவுச்சீட்டு தங்குமிடத்தில் இருந்தது ஒன்றே ஆறுதல்.

நண்பர் ஒரு வார்த்தையும் பேசாமல், பேருந்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்கச் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, பனியனுக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார். ‘இவ்வளவு படித்தவர் அந்த மெஷினைப் பார்த்துப் படித்திருக்கக்கூடாதா?’ என்றார். கேட்டது நியாயமே. நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. ‘வழி நெடுக அணை, அணை என்று நீர் பேசிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் என் கவனம் சிதறியிருக்காது’ என்றேன். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அவரை நான் ‘நீர்’ என்று சொன்னது அதுவே முதல் முறை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

பேசாமலே நடந்து, தெர்மினி என்னும் பெரிய நிலையத்தின் அடியில் ஓடும் சுரங்க இரயிலுக்குப் போனோம். ‘இரண்டாவது நிறுத்தம்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். வண்டி வந்தது, அவர் முன்னால் ஏறினார், எனக்கும் அவருக்கும் நடுவே கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் அட்டையோடு அவர் கை அசைத்துக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வண்டியில் ஏறினேன். மனிதர் பதறிப்போய் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிக் காத்திருப்பார் என்று எண்ணி, அங்கே இறங்கித் தேடினேன். இல்லை. ஒருவேளை என்னைத் தேடித் திரும்பியிருப்பார் என்று எண்ணித் தெர்மினிக்கே மீண்டேன். அங்கும் இல்லை. இப்படிச் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் மேலும் கீழும் அலைந்தேன். நான் சொன்ன சொல்லை அப்படியே நம்பி அவர் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி நிற்கக்கூடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் கைப்பேசி இருந்தது. அந்த நாட்டுக்கான இணைப்பு இல்லை. மொழியும் தெரியாது. சர்க்கரை நோய் வேறு.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தவர்கள், கேரளத்திலிருந்து 1778-இல் உரோமைக்குப் புறப்பட்ட இரண்டு குருக்கள்: கரியாட்டில் யௌசேப்பும் பாறேம்மாக்கல் தோமாவும். தங்கள் சபையின் குறைகளைத் திருத்தந்தையிடம் முறையிடச் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் பிரேசில் கரையைத் தொட்டு, லிஸ்பனைச் சேர்ந்து, அதன் பிறகே உரோமைக்கு வந்தார்கள். எட்டு ஆண்டுப் பயணம். கரியாட்டில் லிஸ்பனில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். திரும்பும் வழியில், 1786-இல், ஊரை எட்டுமுன் கோவாவிலேயே இறந்துபோனார். தோமா தனியாக வீடு திரும்பினார். அவர் எழுதிய ‘வர்த்தமானப் புஸ்தகம்’ இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயண நூலாகப் போற்றப்படுகிறது. மாணவர்களுக்குப் பலமுறை சொன்ன கதைதான். இருவர் போய் ஒருவர் திரும்புவது என்றால் என்ன என்பதை, அந்த இரயில் மேடையில் நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன். அவர் மனைவியிடம் என்ன சொல்வேன்?

மேலே வந்ததும் கைப்பேசி ஒலித்தது. ஏற்பாட்டாளர்தான். ‘எங்கே போனீர்கள் ஐயா? எத்தனை முறை அழைப்பது? உங்கள் நண்பர் ஓர் அருட்சகோதரியிடம் இருக்கிறார். புனித கிளமெந்து ஆலயத்துக்கு உடனே போங்கள்’ என்றார்.

நடந்தது இதுதான். நண்பர் சொன்னபடி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, நிலைய வாயிலிலேயே அசையாமல் நின்றிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே படித்துவரும் ஓர் அருட்சகோதரி அவ்வழியே போனவர், மஞ்சள் அட்டையில் ‘சேலம்’ என்று தமிழில் இருந்ததைக் கண்டு நின்று விசாரித்திருக்கிறார். அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசியதும் அவர்தாம். நான் கேலி செய்த பனியன் பையும் கேலி செய்த அட்டையும் அன்று எங்கள் இருவரையும் காப்பாற்றின.

கொலோசேயத்திலிருந்து சிறிது தூரம்தான் அந்த ஆலயம். முற்றத்துத் திண்ணையில் நண்பர் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஏன் முதல் நிறுத்தத்தில் இறங்கவில்லை?’ என்று கத்தினேன். ‘இரண்டாவது என்று சொன்னது யார்?’ என்று அவரும் கத்தினார். அருட்சகோதரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சரியான இடத்துக்குத்தான் வந்து சண்டை போடுகிறீர்கள், ஐயா. இந்தக் கிளமெந்து நான்காம் திருத்தந்தை. கொரிந்து நகரச் சபையார் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டபோது, சமாதானமாகப் போங்கள் என்று கடிதம் எழுதியவர். உள்ளே வாருங்கள்.’

அவரே கட்டணம் செலுத்தி எங்களைக் கீழே அழைத்துப் போனார். அந்த ஆலயத்தின் சிறப்பு அதன் அடியில் இருக்கிறது. மேலே இப்போது வழிபாடு நடக்கும் கோயில் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதற்கு அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று மண்ணில் புதைந்து, மக்கள் அதை மறந்தே போயிருந்தார்கள். 1857-இல் அயர்லாந்து தோமினிக் சபைக் குரு முல்லூலி என்பவர் தோண்டத் தொடங்கி அதைக் கண்டுபிடித்தார். அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்னும் தெய்வத்துக்குப் பிற சமயத்தார் அமைத்திருந்த வழிபாட்டு இடமும் உள்ளன. படியிறங்க இறங்கக் காற்று குளிர்ந்தது. நண்பர் என்னை விட்டு நான்கு படி முன்னாலேயே போனார்.

நடுக்கோயிலின் முன்மண்டபத்தில், 11-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றின் முன் அருட்சகோதரி நின்றார். கிளமெந்து கடல் கடந்து கிரிமேயா நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டு, கழுத்தில் நங்கூரம் கட்டிக் கடலில் எறியப்பட்டார் என்பது மரபு. வானதூதர் கடலுக்கு அடியிலேயே அவருக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினர் என்றும், ஆண்டுக்கு ஒருமுறை கடல் விலகி அக்கோயில் வெளியே தெரியும் என்றும், மக்கள் நடந்துபோய் வழிபட்டுத் திரும்புவர் என்றும் கதை. ஓர் ஆண்டு ஒரு தாய் தூங்கிய குழந்தையை உள்ளேயே விட்டுவிட்டுக் கரையேறிவிட்டாள். கடல் மூடிக்கொண்டது. மறு ஆண்டு கடல் விலகியபோது ஓடிப்போய்ப் பார்த்தாள். குழந்தை உயிரோடு இருந்தது. அக்காட்சியே அந்த ஓவியம். கோயிலைச் சுற்றி மீன்கள் நீந்துகின்றன. பலிபீடத்தின் அருகே தாய் குனிந்து குழந்தையைத் தூக்குகிறாள்.

நண்பர் அசையாமல் நின்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, ‘வாத்தியாரே, இது நம் பண்ணவாடிக் கோயில்’ என்றார்.

மேட்டூர் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் முடிந்து, நீர் தேங்கியபோது பல ஊர்கள் மூழ்கின. நம் சேலம் மறைமாவட்டம் உருவாகி நான்கே ஆண்டு ஆன காலம் அது. பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயிலும், இரட்டைக் கோபுரம் கொண்ட நம் கிறிஸ்தவ ஆலயமும் அப்படியே நீருக்குள் போயின. அணையின் முழு மட்டம் 120 அடி. அது 80 அடிக்கும் கீழே இறங்கும் ஆண்டுகளில் ஆலயத்தின் கோபுரமும் மறுபுறம் நந்தியும் வெளியே தெரியும். நீர் ஏறினால் மறையும்.

நண்பரின் தாயார் அந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர். ஊரைக் காலி செய்தபோது அவருக்கு ஒன்பது வயது. இவை எனக்கும் தெரிந்தவையே. தெரியாத ஒன்றை அவர் அங்கே சொன்னார்.

‘வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா தினமும் ஒன்றுதான் கேட்கும்: இன்று எத்தனை அடி? தஞ்சாவூர் முழுக்க மட்டம் ஏறவேண்டும் என்று கும்பிடுகிறது. என் அம்மா மட்டும் இறங்கவேண்டும் என்று கேட்கும். கோயிலைப் பார்க்கவேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வரும். ஊரெல்லாம் மழைக்குச் செபிக்கிறது, நீ வறட்சிக்குச் செபிக்கிறாயா என்று திட்டியிருக்கிறேன். 2003-இல் தண்ணீர் இல்லாமல் கோபுரம் வெளியே நின்றது. பரிசலில் கூட்டிப் போ என்றது. அங்கே விவசாயிகள் கண்ணீர் விடுகிறார்கள், இந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போவதா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். இரண்டு மூன்று அடுத்த வாரம் போனது. அம்மா படுத்துவிட்டது. திருவருகைக் காலத்தில் போய்விட்டது.’

இருபது ஆண்டாக அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. அணை, அணை என்று அவர் ஓயாமல் பேசியதை நான் பெருமைப் பேச்சு என்றே எண்ணியிருந்தேன். அன்று பிற்பகல் பேருந்தடியில் நான் சொன்ன சொல் என் தொண்டையில் நின்றது. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. சட்டையின் நீண்ட கையை இழுத்து விட்டுக்கொண்டு அவர் அருகில் போய் நின்றேன்.

இன்னும் கீழே இறங்கினோம். அடித்தளத்தில் எங்கோ நீர் ஓடும் ஓசை கேட்டது. அங்கே ஊறிய நீரை வடிப்பதற்காக 1912-க்கும் 1914-க்கும் இடையில், ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டி, பழைய உரோமையரின் பெரும் வடிகாலோடு இணைத்தார்கள் என்று அருட்சகோதரி சொன்னார். நண்பர் காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். ‘ஓட்டம் நன்றாக இருக்கிறது. அடைப்பு இல்லை’ என்றார். அது பழைய குரல். எனக்கு உயிர் வந்தது. கீழே படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால் ஊரில் காட்ட எங்களிடம் சான்று ஒன்றும் இல்லை.

மறுநாள் திருப்பலியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். தேவசகாயத்தின் பெயர் ஒலித்தபோது முற்றத்தில் நம்மவர் எழுப்பிய ஆரவாரத்தை விவரிக்க எனக்குத் திறமை போதாது. அன்று மாலை என் பெட்டி வந்து சேர்ந்தது. அதற்குள் ஊர் திரும்பும் வேளை வந்துவிட்டது.

நாங்கள் வீடு சேர்ந்த சில நாளில், மே 24-ஆம் நாள், அணை திறக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பது, மட்டம் நிறைந்து நின்றதால் அவ்வாண்டு முன்னதாகவே திறந்தார்கள். இருவரும் போய்ப் பார்த்தோம். பண்ணவாடிப் பக்கம் ஒரே நீர்ப்பரப்பாக இருந்தது.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. 2023 அக்டோபரில் மட்டம் 40 அடிக்கும் கீழே போய், பாசனத்துக்கு நீர் விடுவதையே நிறுத்தினார்கள். டெல்டா மக்களின் துயரத்தை நாளிதழில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர் வாசலில் வந்து நின்றார். கையில் அவர் அம்மாவின் செபமாலை இருந்தது. ‘வருகிறீரா?’ என்றார். என் சொல்லை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

வெடித்த சேற்றுத் தரையில் நடந்தே போனோம். பூச்சு உதிர்ந்த சுவர்களில் நத்தை ஓடுகள் ஒட்டிக்கிடந்தன. நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பலிபீடம் இருந்திருக்கும் திசையைப் பார்த்து மண்டியிட்டு, ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடித்தார். நான் வாசலில் நின்று பதில் சொன்னேன். வெயில் ஏறிவிட்டது. சுற்றிலும் ஆடுகள் மேய்ந்தன.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் வழக்கம்போல, ‘அணைக்காரரே, இன்று எத்தனை அடி?’ என்று கேட்டார். நண்பர் காலில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே, புள்ளிக்குப் பின்வரும் எண்ணோடு சரியாகச் சொன்னார்.